அட்டையில் எழுதிய ஏழு வார்த்தைகள்

மார்ச் 2

அன்புள்ள நாத்தனாருக்கு,

எனக்குக் கண் பார்வை போய்விட்டது என்று தொழிற்சாலையில் பேசிக்கொள்கிறார்களாம். உனக்கு இன்னும் அங்கிருந்து நாலு பேர் போன் செய்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆகவே இந்தச் செய்தி உன்னிடமும் வந்திருக்கும். முதலில் அதைத் திருத்திவிடுகிறேன். என் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. போன வாரம்கூடக் கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோத்தேன். மூன்று மாதமாக நான் எந்தக் காகிதத்தையும் பச்சை மையால் திருத்தவில்லை என்பது மட்டும் உண்மை. அதற்குக் காரணம் வேறு. அதை இந்தக் கடிதத்தில் எழுதப் போவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். விசாரணை அறிக்கை வரும் 27ஆம் தேதி இயக்குநர்கள் கூட்டத்தில் முடிவாகிறது. வக்கீல் எழுதிய வரைவு என் மேசையில் இருக்கிறது. அதில் உன்னைப் பற்றி என்ன இருக்கிறது என்பதை உனக்குச் சொல்லாமல் நான் கையெழுத்துப் போடுவது முறையாகாது.

நவம்பர் 20, வியாழன். காலை பதினொரு மணிக்குப் பரிசோதனைப் பிரிவில் எட்டடி ஏணி ஒன்றில் மணல் மூட்டையை ஏற்றியபோது படியைப் பிடித்திருந்த ரிவெட்டு தளர்ந்தது. ஒன்றரை மணிக்கு அதே ரகத்தில் நாற்பத்தெட்டு ஏணிகளோடு லாரி புறப்பட்டது. பரிசோதனைப் பிரிவின் தலைவியான நீ எழுதிய குறைபாட்டுப் படிவம் இரண்டே காலுக்கு மாடி அலுவலகத்துக்கு வந்தது. நான் கடைக்குப் போன் செய்து நாற்பத்தேழு ஏணிகளைத் திரும்ப வரவழைத்தேன். அதற்குள் ஒன்று விற்றுப்போயிருந்தது. வாங்கிய பெயிண்டர் நாலாம் நாள் அதிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடக்கிறார். பதினொரு மணிக்குத் தெரிந்த குறையை மூன்றே கால் மணி நேரம் தாமதித்துத் தெரிவித்தது பரிசோதனைப் பிரிவின் கவனக்குறைவு என்று வரைவு சொல்கிறது.

ஒரே ஒரு கேள்வி. படிவம் வருவதற்கு முன்னால் நீ எனக்கு வேறு எந்த வழியிலாவது தகவல் அனுப்பினாயா? ஆம் அல்லது இல்லை என்று எழுது.

இப்படிக்கு,
அண்ணி

---

மார்ச் 9

அண்ணி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஓரம் மடியாமல், மடிப்பு கோணாமல், இஸ்திரி போட்ட மாதிரி வந்து சேர்ந்தது. நான் இதைப் பேத்தியின் ரூல் போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாளில் எழுதுகிறேன். திருத்த வேண்டுமென்றால் திருத்திக்கொள்ளுங்கள், இடது பக்கம் இடம் விட்டிருக்கிறேன்.

ஆம் அல்லது இல்லையா? நல்லாயிருக்கு! நாற்பது வருஷம் ஒரே வீட்டில், ஒரே தொழிற்சாலையில் இருந்துவிட்டு ஆம், இல்லை என்று டிக் அடிக்கச் சொல்கிறீர்கள்.

ஆம்.

ஏணிக் காலுக்குப் போடும் ரப்பர் வந்த பெட்டியின் மூடியைக் கிழித்து, தச்சர் பென்சிலால் எழுதி, பேக்கிங் அக்காவிடம் கொடுத்து மேலே அனுப்பினேன். மணி பதினொன்று பத்து. என்ன எழுதினேன் என்று இன்றைக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். "எட்டடி ஏணி. இன்றைய ரிவெட்டு தளர்கிறது. லாரியை நிறுத்துங்கள்." அக்கா திரும்பி வந்து, "குடுத்துட்டேன்மா, மேடம் வாங்கிப் பாத்தாங்க, பேனாவ எடுத்தாங்க" என்றாள். பேனாவை எடுத்துவிட்டீர்கள், இனி கவலையில்லை என்று நான் மீதி ஏணிகளைச் சோதிக்கப் போய்விட்டேன். ஒரு மணிக்குமேல்தான் எனக்கு உறைத்தது, நீங்கள் அட்டையையெல்லாம் தகவலாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று. அப்புறம் உட்கார்ந்து உங்கள் படிவத்தின் பதினாலு கட்டத்தையும் நிரப்பினேன். ஒன்பதாவது கட்டத்தில் கூட்டல் தப்பாகி, வேறு தாள் எடுத்து மறுபடி எழுதினேன். அடித்துத் திருத்தினால் நீங்கள் திருப்பி அனுப்புவீர்களே! அந்த இரண்டாவது தாளை நான் எழுதிக்கொண்டிருந்தபோதுதான் லாரி கேட்டைத் தாண்டியது. சத்தம் கேட்டது அண்ணி. பேனாவைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

வரைவில் இன்னொன்றும் விட்டுப்போயிருக்கிறது. இரண்டே காலுக்கு வந்த படிவத்தை நீங்கள் எத்தனை மணிக்குப் படித்தீர்கள்? நாலு மணிக்கு. படிவங்களை நீங்கள் நாலு மணிக்குத்தானே பார்ப்பீர்கள். பெயிண்டர் அந்த ஏணியை வாங்கியது மூன்றரைக்கு என்று கடைக்காரர் விசாரணையில் சொன்னார். வக்கீல் அதை எழுதிக்கொள்ளவில்லை.

விசாரணையில் உங்களைக் கேட்டார்கள், படிவத்துக்கு முன்னால் ஏதாவது வந்ததா என்று. "எந்த அறிக்கையும் என்னிடம் வரவில்லை" என்றீர்கள். நான் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தீர்கள். அட்டை என் கையில் இல்லை. பேக்கிங் அக்காவைச் சாட்சிக்கு இழுத்தால் அவள் வேலை போகும். ஒரே வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் ஊர் முன்னால் "நீ பொய், நான் நிஜம்" என்று நிற்பதை நினைத்தேன். நீங்களே சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. மறுநாள் என் சாவிகளை உங்கள் மேசையில் வைத்துவிட்டு மகள் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இங்கே ஆஸ்பத்திரிக் கட்டில் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் என்னை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் அறிக்கையைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வார்களாம். அதனால் 27ஆம் தேதி எனக்கும் முக்கியம்தான்.

உங்களுக்குத் தொழிற்சாலையில் என்ன பேர் தெரியுமா? "பச்சை மை". மாடிப்படியில் உங்கள் செருப்புச் சத்தம் கேட்டால், "பச்சை மை இறங்குது" என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

நாத்தனார்

---

மார்ச் 14

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். திருத்த ஒன்றுமில்லை.

அட்டை என்னிடம் இருக்கிறது.

இந்த வரியை எழுதிவிட்டு அரை மணி நேரம் ஜன்னலருகே நின்றேன். இனி வரிசையாகச் சொல்கிறேன். நவம்பர் 20 அன்று நீ அனுப்பியதைப் பார்த்தேன். கிழிந்த அட்டை, பென்சில், கோணல் எழுத்து. அதன் அடியில், "படிவத்தில், பேனாவில் எழுதி அனுப்பவும்" என்று பச்சை மையில் எழுதித் திருப்பி அனுப்ப வேண்டிய தட்டில் போட்டேன். நீ எழுதியிருந்ததைப் படித்தேனா என்று கேட்பாய். கண் படித்தது. ஆனால் அது பென்சிலில் இருக்கிறது என்பதுதான் மனதில் பதிந்தது. என் பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரி ஒருவர், பென்சிலால் எழுதுகிறவர்கள் இன்னும் முடிவுக்கு வராதவர்கள் என்பார். அறுபது வருஷமாக அதை நம்பிவந்திருக்கிறேன்.

பெயிண்டர் விழுந்த செய்தி வந்த அன்று மாலை தட்டைக் கவிழ்த்தபோது மற்றப் படிவங்களுக்கு அடியில் அது கிடந்தது. வீட்டுக்கு எடுத்துவந்து மேசை விரிப்புகள் வைக்கும் இழுப்பறையில் வைத்தேன். அதற்குப் பதினைந்து நாள் கழித்துத்தான் விசாரணை. ஆகவே மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை. "அறிக்கை வரவில்லை" என்ற வாக்கியத்தை முதல் நாளே யோசித்து வைத்திருந்தேன். அட்டை அறிக்கை ஆகாது, ஆகவே நான் சொன்னது பொய் ஆகாது என்று எனக்கே வாதாடி ஜெயித்தேன். அதற்குப் பிறகு பச்சைப் பேனாவைத் திறக்க முடியவில்லை. திறந்தால் என் அந்த நாலு வார்த்தைகள் கண்ணில் நிற்கின்றன. கண் பார்வை போன கதை இதுதான்.

முதல் கடிதத்தில் உன்னைக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியும். நீ மறந்திருப்பாயோ என்று பார்த்தேன். அதுவும் அழகான செயல் இல்லை.

ஆனால் என் பக்கத்தையும் சொல்கிறேன். படிவம் வேண்டும் என்று நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உன் அண்ணன் இருந்தபோது எல்லாம் வாய்ப்பேச்சு. யார் என்ன சொன்னார், யார் கேட்டார் என்பதே தெரியாது. அவர் போனபின் நான் பொறுப்பேற்ற ஆறு வருஷத்தில் மாதக் குறைபாடுகள் இருபதிலிருந்து ஒன்றுக்குக் குறைந்தன. ஒழுங்கு இல்லாமல் இது நடந்திருக்காது.

மேலும், கேட்டின் சாவிக்கொத்து உன் இடுப்பில் இருந்தது. ஐம்பது அடி நடந்திருந்தால் லாரியை நீயே நிறுத்தியிருக்கலாம். கூட்டத்தில் நான் என் தவறைச் சொன்னால் நீ உன்னுடையதைச் சொல்வாயா?

அண்ணி

---

மார்ச் 19

அன்புள்ள அண்ணிக்கு,

"அட்டை என்னிடம் இருக்கிறது" என்ற இடத்தில் கடிதத்தை மூடி வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்த் துணி காயப்போட்டேன். ஏற்கெனவே காய்ந்திருந்த துணி. மகள் கீழேயிருந்து, "அம்மா, அதையேதான் காலைல நீ போட்ட" என்றாள்.

அடுத்துக் கோபம் வந்தது. ரொம்ப. அதை எழுத மாட்டேன், எழுதினால் தாள் போதாது. சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். சொல்வேன். நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஒவ்வொரு நாளும் அந்த ஐம்பது அடியை நடந்து பார்க்கிறேன்.

ஏன் நடக்கவில்லை என்பதையும் கேளுங்கள். மூன்று வருஷம் முன்னால் ஒரு தரம் ஓடிப்போய்க் கையை விரித்துக்கொண்டு லாரி முன்னால் நின்றேன், ஞாபகமிருக்கிறதா? மடக்கு ஏணியின் கீல் சரியில்லை என்று சந்தேகப்பட்டேன். பிரித்துப் பார்த்தால் கீல் சரியாகத்தான் இருந்தது. நீங்கள் திட்டவில்லை. நீங்கள் என்றைக்குத் திட்டியிருக்கிறீர்கள்! படிவத்தை நிரப்பச் சொல்லி, கேட்டருகே எல்லோரையும் நிற்க வைத்து, "காரணமின்றி லாரியை நிறுத்தினேன்" என்று என்னையே உரக்கப் படிக்கச் சொன்னீர்கள். "சொந்த நாத்தனாருக்கே இந்தக் கதின்னா நாம எம்மாத்திரம்"னு வெல்டர் சொன்னது என் காதில் விழுந்தது. அன்றைக்குப் பிறகு எந்த லாரியையும் யாரும் நிறுத்தவில்லை. நானும்தான். நீங்கள் பாரபட்சம் பார்க்காதவர் என்று காட்ட என்னை அறிவிப்புப் பலகையாக நிறுத்தினீர்கள். காட்டிவிட்டீர்கள்.

குறைபாடுகள் ஒன்றுக்குக் குறைந்தன என்று எழுதியிருக்கிறீர்கள். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. பேக்கிங் மேசையை ஒரு தரம் சுவரிலிருந்து இழுத்துப் போட்டுப் பின்னால் பாருங்கள். பார்வைதான் நன்றாக இருக்கிறதே.

ஒரு நிபந்தனை. எனக்குக் கட்டில் தொழிற்சாலை வேலை கிடைக்க வேண்டும் என்பதற்காகக் கூட்டத்தில் எதையும் சொல்லாதீர்கள். பாவம் நாத்தனார் என்று சொல்லவே வேண்டாம். நடந்தது அதுதான் என்றால் சொல்லுங்கள். இல்லையென்றால் அட்டையை எரித்துவிட்டு நிம்மதியாக விரிப்புகளை மடித்து வையுங்கள். இனி இதைப் பற்றி நான் எழுத மாட்டேன்.

நாத்தனார்

---

மார்ச் 30

அன்புள்ள நாத்தனாருக்கு,

நீ எழுத மாட்டேன் என்றாய். ஆகவே நான் எழுதுகிறேன். நீளமாக இருக்கும்.

23ஆம் தேதி, மதிய உணவு நேரத்தில், கீழே இறங்கிப் போனேன். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். பேக்கிங் அக்கா என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். "ஏதாவது குறை உண்டா?" என்று கேட்டேன். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு மேடம்" என்றாள். ஆறு வருஷமாக இதே பதிலைக் கேட்டுவிட்டு மேலே போயிருக்கிறேன். அன்று, "மேசையை இழுக்க ஒரு கை கொடு" என்றேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. "மேடம், நாங்க வேணும்னு எழுதல மேடம். வருஷா வருஷம் வெள்ளையடிக்கும்போது போயிடும்" என்றாள்.

இருவரும் சேர்ந்து இழுத்தோம். முழங்கால் போட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். இடுப்பு உயரத்துக்குச் சுவர் முழுவதும் பென்சில் எழுத்து. "செவ்வாய், ஆறடி, நாலாம் படி ஆட்டம்." "ரப்பர் கழலுது, பசை போதல." "இந்த ரிவெட்டு புதுசு, நம்பாதே." அதற்குப் பக்கத்தில் தேதி: நவம்பர் 17. நீ சோதிப்பதற்கு மூன்று நாள் முன்பே யாரோ கண்டிருக்கிறார்கள். அடுத்த ஷிப்டில் வருகிறவர்கள் படித்து எச்சரிக்கையாக இருப்பதற்காக எழுதிவந்திருக்கிறார்கள். என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்த பதிவேடு.

எண்ணினேன். கடைசியாக வெள்ளையடித்த பிறகு எழுதியவை மட்டும் நூற்று எண்பத்தாறு. அதே காலத்தில் என் கோப்பில் இருந்த படிவங்கள் ஒன்பது. இயக்குநர்கள் கூட்டத்தில் அந்த ஒன்பதைக் காட்டிப் பெருமையடித்திருக்கிறேன். குறைகள் குறையவில்லை. என்னிடம் வருவதுதான் குறைந்தது. படிவத்தில் பிழை இருந்தால் திருப்பி அனுப்பினேன். இரண்டு முறை திரும்பிவந்தவர் மூன்றாம் முறை அனுப்பவில்லை. அந்த மௌனத்துக்கு ஒழுங்கு என்று பெயர் வைத்திருந்தேன். நான் எழுந்திருக்கச் சிரமப்பட்டபோது அக்கா கை கொடுத்தாள். "வெள்ளையடிக்கச் சொல்லிடாதீங்க மேடம்" என்றாள். ஆறு வருஷத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் காரியம்.

மறுநாள் பெயிண்டர் வீட்டுக்குப் போனேன். வக்கீல் போகக் கூடாது என்றார். போனேன். இரண்டாம் மாடி, ஒற்றை அறை. சுவர் ஓரமாகக் கட்டில். அவர் பெயிண்ட் பிரஷ்களைக் கழுவி டப்பாவில் தலைகீழாக நிற்க வைத்திருந்தார், நாளைக்கே வேலைக்குப் போகிறவர் மாதிரி. அவர் மனைவி எனக்கு நாற்காலி போட்டாள். நடந்ததைச் சொல்லி அட்டையை நீட்டினேன். அவர் நிதானமாக விரல் வைத்துப் படித்தார்.

"ஏழு வார்த்தை" என்றார். "கீழ பச்சையில நாலு வார்த்தை. அது யாரு?"

"நான்தான்."

"அந்த நாலு வார்த்தை எழுதற நேரத்துல கேட்டுக்கு ஒரு போன் அடிச்சிருக்கலாமே மேடம்."

அவ்வளவுதான் சொன்னார். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் மனைவி அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு என் மடியில் வைத்தாள். "எங்ககிட்ட சொல்லி என்னம்மா ஆகப்போகுது, சொல்ற இடத்துல சொல்லுங்க" என்றாள்.

27ஆம் தேதி சொன்னேன். நின்றுகொண்டு, காகிதம் பார்க்காமல். அட்டை, பச்சை மை, நாலு மணிப் பழக்கம், இழுப்பறை, விசாரணையில் நான் சொன்ன வாக்கியம், கேட்டருகே உன்னைப் படிக்க வைத்தது, சுவர். வக்கீல் நடுவில் புகுந்து, "மேடம், அது அட்டைதானே, அத அறிக்கைன்னு நாம எடுத்துக்க வேண்டியதில்ல" என்றார். என் வாதம் இன்னொருவர் வாயிலிருந்து வந்தபோதுதான் அது எவ்வளவு அசிங்கம் என்று தெரிந்தது. "உட்காருங்க, அதுதான் அன்னிக்கு வந்த ஒரே நல்ல அறிக்கை" என்றேன். நீ ஓடிப்போய் லாரியை நிறுத்தவில்லை என்பதையும் சொன்னேன், ஏன் என்பதையும் சொன்னேன். உன்னைப் பாவம் என்று சொல்லவில்லை. நீ பாவப்பட்டவளும் இல்லை.

வரைவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். புதிய அறிக்கையில் தாமதத்துக்குப் பொறுப்பு என் பெயரில் இருக்கும். அதன் நகலையும், விசாரணையில் நான் உண்மையை மறைத்தேன் என்ற என் கையெழுத்திட்ட வாக்குமூலத்தையும் கட்டில் தொழிற்சாலைக்கு நேரடியாக அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அந்த வேலை உனக்குக் கிடைக்கும். நீ அங்கே போகலாம். அது உன் தீர்மானம்.

என்னை உடனே விலகச் சொல்லி இருவர் கேட்டார்கள், தொடரச் சொல்லி மூவர். விலகுவது எனக்கு மிகவும் வசதி. வீட்டில் உட்கார்ந்து மனம் வருந்திக்கொண்டிருக்கலாம். ஆறு மாதம் இருந்து, கெடுத்ததைச் சரிசெய்துவிட்டுப் போகிறேன் என்றேன். லாரியை அனுப்பும் கையெழுத்து இனி என்னுடையது இல்லை. யார் வேண்டுமானாலும், பேக்கிங் அக்கா முதல் வெல்டர் வரை, வாயால் சொல்லி லாரியை நிறுத்தலாம். நிறுத்தியது தவறாகப் போனால் நன்றி சொல்லிவிட்டு லாரி கிளம்பும், அவ்வளவுதான். எழுதுவது பிறகு, எதில் வேண்டுமானாலும். போன சனிக்கிழமை, உன்னைப் படிக்க வைத்த அதே கேட்டருகே எல்லோரையும் கூட்டி இதைச் சொன்னேன். யாரும் கை தட்டவில்லை. நம்பவும் இல்லை. வெல்டர் மட்டும், "எழுதித் தருவீங்களா மேடம்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். பிறகு பேக்கிங் சுவரில், நூற்று எண்பத்தாறுக்குக் கீழே, முழங்கால் போட்டு, அதையே பென்சிலால் எழுதினேன். கோணலாகத்தான் வந்தது.

அவர்கள் நம்ப வேண்டுமென்றால் நான் லாரியை அனுப்பத் துடிக்கும் ஒரு நாளில் என் எதிரே நின்று, "முடியாது" என்று சொல்ல ஒருவர் வேண்டும். என்னிடம் பயமே இல்லாத ஒருவர் அல்ல. பயந்து, அதன் விலை தெரிந்தவர். உன் சாவிக்கொத்து நீ வைத்த இடத்திலேயே இருக்கிறது. நான் அதைத் தொடவில்லை.

இன்னும் ஒன்று. இதுவரை யாரிடமும் "சாரி" என்று ஆங்கிலத்தில்தான் சொல்லியிருக்கிறேன். அதில் ஒன்றும் செலவாவதில்லை. உன்னிடம் தமிழில் சொல்கிறேன். என்னை மன்னித்துவிடு. முடியாவிட்டால் முடியாது என்று சொல், அதையும் ஏற்றுக்கொள்கிறேன்.

வருகிறாயா, கட்டில் தொழிற்சாலைக்குப் போகிறாயா என்பதை எழுத்தில் தெரியப்படுத்து. தாள் கிழிந்திருந்தாலும், பென்சிலில் இருந்தாலும் சரி. வந்த உடனே படிப்பேன், நாலு மணி வரை வைக்க மாட்டேன்.

பதில் எழுது.

அண்ணி